அக்காளின் அடக்கப் பூசைக்கு உடனே புறப்பட்டு வரவும்

கச்சிராயபாளையம் வழி, மலையடிவாரம்,
செப்டம்பர் 1987

சங்கைக்குரிய இன்னாசி சுவாமி அவர்களின் பாதத்துக்கு, உங்கள் அக்காள் புருஷன், ஓய்வுபெற்ற ஆசிரியர் சூசைநாதன் முழந்தாளிட்டு எழுதிக்கொள்வது. சர்வேசுரனுக்குத் தோத்திரம். தாங்கள் நலம் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. உறவில் நீங்கள் எனக்கு மச்சினன், பட்டத்தில் எனக்குச் சாமி. ஆகவே பாதி உரிமையோடும் பாதி பயத்தோடும் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் அக்காள் அந்தோணியம்மாள் இன்னும் சாகவில்லை. பதற வேண்டாம். ஆனால் அவளுடைய அடக்கப் பூசைக்கு உடனே புறப்பட்டு வரவும்.

முந்தாநாள் காலையில் வயிற்று வலி என்று படுத்தாள். மத்தியானம் காய்ச்சல். கம்பவுண்டர் வந்து வலது பக்கம் அழுத்திப் பார்த்தார். அவள் போட்ட சத்தத்தில் கொட்டகையில் படுத்திருந்த மாடு எழுந்து நின்றுவிட்டது. "வாத்தியாரே, கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டினு போயிடுங்க, லேட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எப்படிப் போவது? இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடக்கிறது. புளியமரத்தை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்திருக்கிறார்கள். பஸ் கிடையாது. ஒரு லாரிக்கு நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார்களாம். லாரிக்கே அந்தக் கதி என்றால் மாட்டுவண்டிக்கு என்ன கதி? மாட்டுக்குக் காற்றுப் பிடுங்க முடியாதுதான், ஆனாலும் பயம் பயம்தானே சுவாமி. போலீஸ் வேறு வேனில் சுற்றுகிறது. இத்தனை வருடத்தில் அவள் இல்லாமல் நான் ஒரு கல்யாணத்துக்குக்கூடத் தனியாகப் போனதில்லை. அவள் போய்விட்டால் நான் எப்படி இருப்பேன்? சும்மா உட்கார முடியாமல், ஆகிற காரியத்தையாவது பார்ப்போம் என்று அடக்கப் பூசைக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கினேன்.

தியானத்துக்குப் போன பங்குச்சாமியார் புதுச்சேரியிலேயே மாட்டிக்கொண்டார். ஆகவே உபதேசியார் பிச்சைமுத்துவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவர் லாசர் உயிர்த்தெழுந்த சுவிசேஷம் வைக்கலாம் என்றார். அதில் நாலு நாள் ஆகிவிட்டது, நாறுமே என்று வருகிறது. இப்போதிருக்கும் ரோட்டில் நீங்கள் வந்துசேரவே நாலு நாள் ஆகலாம், சனங்கள் அதைக் கேட்டால் மூக்கைப் பொத்தமாட்டார்களா? வேண்டாம் என்றேன். மன்றாட்டில் "அரசாங்கத்துக்காக மன்றாடுவோம்" என்று எழுதினார். மறியல்காரர் காதில் விழுந்தால்? அடித்துவிட்டேன். "போராடுகிறவர்களுக்காக மன்றாடுவோம்" என்று எழுதினார். போலீஸ் காதில் விழுந்தால்? அதையும் அடித்துவிட்டேன். கடைசியில் மழைக்கு மட்டும் மன்றாடுவதாக முடிவு. அடக்கப் பாட்டு ஒன்றை அவர் மெல்லப் பாடிக் காட்டினதும் உள்ளே இருந்து உங்கள் அக்காள், "உபதேசியாரே, அந்தப் பாட்டு வோணாம், உங்க தொண்டை ஏறாது. என் சாவு அன்னிக்காவது சனங்க சிரிக்காம இருக்கட்டும்" என்றாள். பிரசங்கத்தைச் சுருக்கமாக முடிக்கச் சொல்லி உங்களுக்கும் உத்தரவு. தம்பிக்குத் தொடங்கத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது என்கிறாள். இது அவள் வார்த்தை, என்னுடையதல்ல.

இனிதான் வினை. பிணம் தூக்கும் தூம்பாப் பெட்டி பங்குக் கோயிலில் இருக்கிறது. கோயிலோ மரத்துக்கு அந்தப் பக்கம். நேற்று நானும் பிச்சைமுத்துவும் இரண்டு கூலியாட்களோடு வயல் வழியாகச் சுற்றிப் போய் அதை எடுத்துவிட்டோம். அந்தப் பெட்டியோடு சேற்று வரப்பில் திரும்ப முடியாமல் ரோட்டுக்கு வந்தோம். மரத்தண்டை ஐம்பது பேர் இருப்பார்கள். அவர்களில் சின்னக்கண்ணு என்ற கரும்பு விவசாயி, ஆறடி ஆள், தோளில் கோடாலி, குறுக்கே வந்து நின்றார். "பூட்டது யாரு வாத்தியாரே?" என்றார். யாரும் இன்னும் சாகவில்லை என்று சொல்லியிருக்கலாம். சாகாத ஆளுக்குப் பெட்டி எதற்கு என்று கேட்டால்? நாக்கு புரண்டுவிட்டது. "என் வூட்டுக்காரி" என்றேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டார். ஐம்பது பேரும் எழுந்து நின்றார்கள். அவர்களே கிளையை வெட்டி வழி செய்து தூம்பாவை இந்தப் பக்கம் இறக்கினார்கள். "நல்ல மனுசி, எங்க தெரு புள்ளைங்களுக்கெல்லாம் முறுக்கு குடுப்பாங்க. நாளைக்கு மாலையோட வரோம்" என்றார்.

அந்த நாளை இன்றைக்குத்தான். சாயங்காலம் வருகிறார்கள். என் நிலைமையைப் பாருங்கள். அதற்குள் அவள் செத்துவிட்டால் நான் செத்தேன். சாகாமல் இருந்தால் அந்த ஐம்பது பேரிடம் நான் செத்தேன். எப்படிப் பார்த்தாலும் இந்த வீட்டில் ஒரு பூசை உண்டு. கடுக்காய் வாங்கிக்கொண்டு மலை ஏறி ஆத்தூர் பக்கம் இறங்கும் ஒரு வியாபாரியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்களும் ஆத்தூர் வந்து அந்த வழியாகவே நடந்து வரவும். கல்வராயன் மலையில் அட்டை கடிக்கும், பொறுத்துக்கொள்ளவும். பூசை உடுப்பை மறக்காமல் கொண்டுவரவும், இங்கே உள்ளதை எலி கடித்திருக்கிறது.

பங்கு மக்கள் அனைவருக்கும் என் தோத்திரத்தைச் சொல்லவும். எங்கள் இரண்டு பேரையும், யார் முந்துவோம் என்று தெரியாததால், ஒன்றாகவே ஆசீர்வதிக்கவும்.

தங்கள் அன்பும் அச்சமும் உள்ள,
சூசைநாதன்

பின்குறிப்பு: வரவேண்டாம். வியாபாரி மழைக்குப் பயந்து மலை ஏறவில்லை. இப்போது ரோடு திறந்துவிட்டதால் இதைக் கள்ளக்குறிச்சியிலேயே தபாலில் போடுகிறேன். அன்று சாயங்காலம் சின்னக்கண்ணு மாலையோடு உள்ளே வந்தார். உங்கள் அக்காள் முனகிக்கொண்டே, "யாருங்க அது? மாலையெல்லாம் எதுக்கு?" என்று கேட்டாள். அவர் கையிலிருந்த மாலை கீழே விழுந்தது. "இன்னா வாத்தியாரே, உசுரு கீதே!" என்றார். நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். "அட இன்னா ஆளுயா நீ! ஆஸ்பத்திரிக்குனு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நேத்தே தூக்கினு போயிருப்போமே. ரெண்டு புள்ளத்தாச்சிங்க வண்டிய நாங்கதானே தள்ளி வுட்டோம்" என்று கத்தினார். வேறு தோது இல்லாமல் தூம்பாவிலேயே படுக்கவைத்து, மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியில் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டு நின்ற கிழவர் ஒருவரைப் பார்த்து இவள் கையை ஆட்டினாள். அவர் மயங்கி விழுந்துவிட்டார். குடல்வால் பழுத்து வெடிக்க இருந்ததாம். அறுத்து எடுத்துவிட்டார்கள். டாக்டர் என்னைத் திட்டின திட்டை உங்களுக்கு எழுத முடியாது.

இன்று காலை அவள் கண் திறந்து என்னையே பார்த்தாள். "பூசைக்கு ஆள் புடிச்சீங்க, வயல்ல நடந்தீங்க, பொட்டிய தூக்கினு அம்பது பேர் முன்னாடி போய் நின்னீங்க. நான் சாவறதுக்கு இம்மாம் தைரியமா பண்ணீங்களே, நான் பொழைக்கறதுக்கு ஒரு வார்த்தை கேக்க வாய் வரலியா?" என்று கேட்டாள்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், சுவாமி. பயமாக இருந்தது.