பலகை எனக்கு, தொலைபேசி உனக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. நீயும் உன் மனைவியும் மகளும் நலமென்று நம்புகிறேன். நம்புவதென்ன, தினமும் காலை எட்டேகாலுக்கு நீ கடை திறப்பதை என் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்க்கிறேன், நலம்தான். கொஞ்சம் இளைத்திருக்கிறாய். அக்கறையில் எழுதவில்லை, கண்ணில் பட்டதை எழுதினேன். இங்கே நானும் உன் அண்ணியும் நலம் என்று எழுதுவது முறை. ஆகவே அப்படியே வைத்துக்கொள்.

எதிர் வரிசையில் இருக்கிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ கேட்கலாம். நாம் பேசிக்கொண்டு பதினொரு வருடம் ஆகிறது. இத்தனை வருடம் கழித்துத் திடீரென்று வாயைத் திறந்தால் முதல் வார்த்தை என்ன வருமோ என்று எனக்கே பயம். எழுத்தென்றால் அடித்துத் திருத்தலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதக் கடைசியோடு என் சலவைக் கடையை மூடுகிறேன். எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்பதை வேறு யாராவது கண் காது வைத்து உன்னிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

வியாபாரம் படுத்து இரண்டு வருடமாகிறது. ஹேங்கர்கள் வெறுமனே தொங்குகின்றன. என் மகள் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, “அப்பா, இப்ப யாரும் தலையத் தூக்கிப் பலகையப் பாக்கறதில்ல. குனிஞ்சு போனப் பாத்துத்தான் கடைக்கே வர்றாங்க” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பாகப்பிரிவினையில் அப்பா பெயர் எழுதிய பலகை எனக்கு, தொலைபேசி எண் உனக்கு என்று ஆனதே, அப்போது பலகையைக் கேட்டு அடம்பிடித்தவன் நான்தான். போனை வைத்துக்கொண்டு நீ என்ன பண்ணப்போகிறாய் என்று அன்றைக்குச் சிரிக்கவும் செய்தேன். பிறகு நீயும் எதிரிலேயே கடை போட்டு, நானும் அவருக்குப் பிள்ளைதானே என்று அதே பெயரை எழுதி மாட்டியபோது சிரிப்பு நின்றது.

மகள் ஒருவரை அனுப்பினாள். சின்னக் கடைகளுக்கு இணையதளம் செய்து, யாராவது போனில் தேடினால் முதலில் வந்து நிற்கும்படி பண்ணுகிறவராம். முன்பு காப்பீடு விற்றவர், ஐம்பது வயதிருக்கும், எதைக் கேட்டாலும் “முதல் பக்கத்துல வந்துடும் சார்” என்பார். அதனால் அவருக்கு முதல்பக்கத்தார் என்றே பெயர் வைத்துவிட்டோம். அவர் எழுதிய அறிமுகத்தைப் படித்துப் பார்த்தேன். ‘உங்கள் அருகிலுள்ள சிறந்த சலவைக் கடை எது என்று தேடுகிறீர்களா, உங்கள் அருகிலுள்ள சிறந்த சலவைக் கடை இதோ, ஏனெனில் உங்கள் அருகிலுள்ள சிறந்த சலவைக் கடை என்றால்’ என்று போகிறது, பதினான்கு தடவை. புத்தி பேதலித்தவன் எழுதியது மாதிரி இருக்கிறதே என்றேன். “மனுஷங்களுக்கு எழுதல சார், தேடற இயந்திரத்துக்கு எழுதறோம்” என்றார். சட்டை போடுவது மனுஷன்தானே என்று தோன்றியது.

அடுத்து நட்சத்திரம். பழைய வாடிக்கையாளர்களிடம் கேட்டு ஐந்து நட்சத்திரம் வாங்கி வரச் சொன்னார். நானும் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இருபது வருடமாக என்னிடம் துணி போடுபவர், மூன்று போட்டார். ஏன் சார் என்றால், “நூத்துக்கு அறுபது வாங்கினா முதல் வகுப்பு. இதுக்கு மேல நான் யாருக்கும் போட்டதில்ல” என்றார். ஒரு அம்மாள் ஒன்று போட்டு, கோட்டில் ஒரு பொத்தானைக் காணோம் என்று எழுதியிருந்தார். எல்லோருக்கும் பணிவாகப் பதில் எழுத வேண்டும் என்று முதல்பக்கத்தார் சொல்லியிருந்ததால், அந்தக் கோட்டு வரும்போதே பொத்தான் இல்லாமல்தான் வந்தது என்பதையும், இடது பையில் சீப்பு இருந்ததையும், அந்தச் சீப்பிலும் பல் குறைவாக இருந்ததையும் நாற்பது வரியில் பணிவாக எழுதினேன். அவருடைய தங்கையும் வந்து ஒன்று போட்டுவிட்டுப் போனாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, குத்துகிறதே குடைகிறதே என்றால் யார் கேட்பார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன் மணி அடிக்கவில்லை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. இணையதளம் வந்து நான்கு மாதமாயிற்று, ஒரு அழைப்புகூட இல்லை. முதல்பக்கத்தாரிடம் கேட்டால், தினமும் பத்துப் பன்னிரண்டு பேர் அழைக்கும் பொத்தானை அழுத்துகிறார்கள் என்று கணக்குக் காட்டுகிறார். அழுத்தினவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாப்பிடும்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். உன் அண்ணி, “மணி அடிக்கும்போது அடிக்கட்டும், மொதல்ல ரெண்டு வாய் சாப்பிடுங்க” என்பாள். நம் வேலை இனி யாருக்கும் வேண்டாம் என்று முடிவே கட்டிவிட்டேன். அந்த நாட்களில் எனக்கிருந்த மனக்கஷ்டத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், அதே நான்கு மாதத்தில் கடைக்குப் புது முகங்கள் கொஞ்சம் வந்துகொண்டுதான் இருந்தன. பலகையைப் பார்த்து வருகிறார்கள் என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஏறி அதைத் துடைத்துக்கூட வைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒருவர் நாலு திரைச்சீலையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். “எதிர்க்கடைக்காரர் அனுப்பினாருங்க. போன்ல பேசினேன். நீங்க தேடினது எங்க அண்ணன் கடையை, நம்பர் மட்டும் தப்பா வந்திருக்கு, நேரா அங்கே போங்க, திரைச்சீலையெல்லாம் அவர்தான் நல்லாப் பண்ணுவார்னு சொன்னாரு” என்றார்.

திரைச்சீலைக்கு ரசீது போட்டுக் கொடுத்தேன். அவர் போனதும் முதல்பக்கத்தாரைக் கூப்பிட்டேன். அவர் தன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, நான் என் கையால் நிரப்பிக் கொடுத்த படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். கடையின் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர். தொலைபேசி எண் என்ற இடத்தில் அப்பா முப்பது வருடம் எடுத்துப் பேசிய எண், அதாவது உன் எண். அது உன்னிடம் இருப்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் கடை நம்பர் என்று யாராவது கேட்டால் என் கைக்கு அதுதான் தெரிந்திருக்கிறது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதும் அதே கைதான்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது இதோடு நிற்கவில்லை. உன் மகள் எப்போதோ உன் கடையை, போனில் தேடினால் கடைகளைக் காட்டும் அந்த வரைபடத்தில் ஏற்றியிருக்கிறாளாம். “பேரு ஒண்ணு, தெரு ஒண்ணு, நம்பரும் ஒண்ணு. இது ரெண்டு கடைன்னு அதுக்கு எப்படி சார் தெரியும்? ஒண்ணாச் சேத்துடுச்சு” என்றார் முதல்பக்கத்தார். பெரியப்பா, மாமா, வக்கீல் எல்லோரும் உட்கார்ந்து பேசியும் முடியாததை ஒரு இயந்திரம் யாரையும் கேட்காமல் முடித்துவிட்டது. உனக்கு நாலே முக்கால் நட்சத்திரம் இருந்ததாம், எனக்கு மூன்று. கலந்ததில் நீ நாலுக்கு இறங்கிவிட்டாய். என் பொத்தான் சண்டை இப்போது உன் கடைக்குக் கீழேதான் தெரிகிறது. அதற்கு வருந்துகிறேன்.

நான்கு மாதம் நான் ஒட்டிக்கொண்டிருந்தது உன் தயவில். ஒவ்வொரு அழைப்பையும் எடுத்து, ஒவ்வொருவரிடமும் பொறுமையாக விளக்கி, தெருவைத் தாண்டி அனுப்பியிருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூடாதா உனக்கு? நான் ஏணியில் ஏறிப் பலகை துடைத்ததையும் நீ பார்த்திருப்பாய். எனக்குக் கோபம் வருகிறது, அதைவிட அதிகமாக அவமானம் வருகிறது. தம்பி போட்டுத்தான் அண்ணன் சாப்பிடுகிறான் என்று ஆன பிறகு இந்தக் கடை எதற்கு? ஆகவே இனி யாரையும் அனுப்பாதே. மூடிவிட்டதாக வரைபடத்தில் போடும்படி முதல்பக்கத்தாரிடம் இன்று சொல்லிவிட்டேன். பலகையைக் கழற்றி உன் வீட்டுக்கு அனுப்புகிறேன், வைத்துக்கொள். இதைப் பற்றிப் பேச வர வேண்டாம்.

உன் மனைவிக்கு என் விசாரிப்புகள். மகள் நன்றாகப் படிக்கட்டும், நல்ல இடத்தில் வாழட்டும். உன் தொழில் மேலும் செழிக்க அண்ணனின் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே இருப்பது நேற்று எழுதியது. அதை எழுதாததாக வைத்துக்கொள். முதல்பக்கத்தார் சொன்ன சொல் தவறாமல் இன்று காலையே ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று போட்டுவிட்டார். இரண்டும் ஒன்றாகிவிட்டதால் உன் கடையும் சேர்ந்து மூடியதாகத் தெரிகிறது. பத்து மணியிலிருந்து உன் வாடிக்கையாளர்கள் என்னிடம் வருகிறார்கள். உன் கடையில் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அனுப்பினேன். பன்னிரண்டரைக்கு ஒரு வயதான அம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க தம்பி நல்ல மனுஷங்க. நிரந்தரமா மூடிட்டாங்கன்னு பாத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எப்படிங்க ஆச்சு, உடம்புக்கு முடியாம இருந்தாரா?” என்று கேட்டார்.

நிமிர்ந்து பார்த்தேன். உன் ஷட்டர் இறங்கியிருந்தது. அந்த நேரத்தில் நீ ஒருநாளும் மூடினதில்லை. இது முதல்பக்கத்தார் செய்த வேலை என்று எனக்குத் தெரியும், காலையில் உன்னைப் பார்த்தும் இருக்கிறேன். ஆனாலும் செருப்புக்கூடப் போடாமல் தெருவைத் தாண்டி ஓடி உன் ஷட்டரைத் தட்டினேன். பக்கத்துத் தையல்காரர் வெளியே வந்து, “பேங்குக்குப் போயிருக்காருங்க, ரெண்டு மணிக்கு வந்துடுவாரு. நீங்க மொதல்ல உக்காருங்க” என்றார். அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அவர் உன்னிடம் சொல்லத்தான் போகிறார், அதனால் நானே எழுதிவிட்டேன்.

கடையைத் திறந்ததாகப் போடச் சொல்லி முதல்பக்கத்தாருக்குப் போன் பண்ணினேன். ஒரு கடையாகவா, இரண்டு கடையாகவா என்று கேட்டார். தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இதை உன் ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். படித்துவிட்டு ஒரு நிமிடம் வெளியே வந்து நில். பேச வேண்டாம். நான் இங்கிருந்து ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன்.