காதுக்குள் ஒரு கல்யாணம்

பத்தரை மணிக் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டிய லிஃப்ட் மெக்கானிக், பத்து இருபதுக்கு ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்.

"அவரை வெளிய எடுக்க யாரைக் கூப்பிடுவாங்க?" என்றாள் தங்கச்சி.

"அதைத்தான் அவரும் உள்ள இருந்து கேட்டுக்கிட்டு இருக்காரு," என்று போனைச் சட்டைப்பைக்குள் போட்டார் கண்ணாடிக்கடைக்காரர்.

தங்கச்சி என்றால் அவருக்குத் தங்கச்சி இல்லை. அவர்தான் மாப்பிள்ளை. பூட்டுக்கடை அண்ணனோடு பிறந்தவள் என்பதால் தெருவே அவளை அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டது. நாற்பத்து நாலு வயது. அவளைவிடப் பத்து வயது சின்னவர்கள்கூட "என்ன தங்கச்சி, சௌக்கியமா" என்பார்கள். தெருவில் அப்படிக் கூப்பிடாத ஒரே ஆண்பிள்ளை மூக்குக்கண்ணாடி விற்கிற இந்த மனிதர்தான். "இங்க பாருங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஊசியில் நூல் கோக்க யாரையும் கூப்பிடாத ஒருத்தி, ஒரே வருடத்தில் ஐந்து தடவை பார்வை பரிசோதனைக்குப் போனபோதாவது தெரு சுதாரித்திருக்க வேண்டும். இவ்வளவு கண்ணும் காதும் இருந்தும் கோட்டை விட்டுவிட்டது.

ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்வது என்று இருவரும் முடிவெடுத்திருந்தார்கள். ஓடுவது என்பது ஒரு பேச்சுக்குத்தான். கடலோரப் பாறை உச்சிக்கு நூற்றுப் பன்னிரண்டு படிகள். ஜோடி மூன்று இடத்தில் உட்கார்ந்து, ஒரு இடத்தில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மேலே வந்து சேர்ந்தது.

உச்சியில் கடலைப் பார்த்தபடி இரண்டாள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சிற்பம். செய்தவர் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்து, பக்கத்தில் பலகையும் நட்டிருந்தார். யாரும் படிக்கவில்லை. பார்க்கக் காது மாதிரி இருந்தது. ஊர் அதற்குக் காது என்று பெயர் வைத்துவிட்டது. கேட்ட இடத்துக்கே பதிவாளர் வந்து கல்யாணத்தைப் பதிவு செய்துகொடுக்கும் வசதி வந்தபின், அந்த இடங்களின் பட்டியலில் காதும் சேர்ந்துகொண்டது.

ஒளிந்து செய்வதற்குக் காரணம் அண்ணன். அவருக்கு ஐம்பத்தொன்று. கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடமெல்லாம் "தங்கச்சி இருக்காளே" என்று சொல்லியே ஓட்டிவிட்டார். போன வருடம் இவள் மூன்று நாள் வெளியூர் போனபோது கடையைத் திறக்காமல் மூன்று நாளும் ரொட்டியைத் தின்றுகொண்டு வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்த மனிதர். அவரிடம் போய் எப்படிச் சொல்வது? அதனால் இவள் ஒரு திட்டம் வைத்திருந்தாள். கல்யாணம் முடிந்ததும் வழக்கம்போல் வீட்டுக்குப் போவது, வழக்கம்போல் சமைப்பது, ஆறு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விஷயத்தைச் சொல்வது.

"அந்த ஆறு மாசம் நான் எங்க இருக்கணும்?" என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, "இப்ப எங்க இருக்கீங்களோ அங்கதான்," என்று பதில் வந்தது. பொறுமைசாலி. கண்ணாடி துடைக்கிற துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அவள் பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் வரவேற்பில் இருப்பவள். இந்த வியாழக்கிழமை சொந்த வேலை என்று டாக்டரம்மா கிளினிக்கை மூடியிருந்தார். அண்ணனிடம் அதைச் சொல்லாமல், வேலைக்குப் போகிற மாதிரியே மதியச் சாப்பாட்டு டப்பாவோடு காலையில் கிளம்பி வந்துவிட்டாள்.

"ரெண்டு சாட்சி வேணும்," என்றார் பதிவாளர். கண்டிப்பான பெண்மணி. "பதினொன்றரைக்கு இதே இடத்துல எனக்கு அடுத்த ஜோடி இருக்கு. சீக்கிரம் ஏற்பாடு பண்ணுங்க."

ஒரு சாட்சி அங்கேயே கிடைத்தார். சிற்பத்துக்குக் காவல் இருப்பவர். "இதுவரைக்கும் நாப்பத்தோரு கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒண்ணுலகூட ஒரு வாய் சாப்பிட்டதில்ல," என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

இன்னொன்றுக்கு யார்? அவசரத்துக்கு உடனே கிளம்பி வரக்கூடியவர் பேக்கரிக்கார அம்மா ஒருவர்தான். அவரிடம் ஒரு விஷயம் சொன்னால் அடுப்பிலிருந்து எடுத்த பன் ஆறுவதற்குள் தெருக்கோடிக்குப் போய்விடும். வேறு வழியில்லை. போன் செய்து சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இருபத்தைந்தாவது நிமிடம் கேக் டப்பாவும் மூச்சிரைப்புமாக அந்த அம்மா வந்து சேர்ந்தார்.

"கடையில யாரு?"

"யாரும் இல்ல, பூட்டிட்டு வந்தேன். ஷட்டர் பூட்டு எப்பவும்போல மக்கர் பண்ணிச்சு. உங்க அண்ணனைக் கூப்பிட்டுத்தான் பூட்டினேன்."

தங்கச்சி அந்த அம்மாவின் கையைப் பிடித்தாள். "அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"உன் பேச்சே எடுக்கல. காது வரைக்கும் போயிட்டு வர்றேன்னு மட்டும் சொன்னேன்."

"அதுக்கு?"

"மனுசனுக்கு மூஞ்சியில ரத்தமே இல்ல. எத்தனை மணிக்குத் திரும்புவீங்கன்னாரு. பதினொண்ணுக்குன்னேன். நிச்சயமா பதினொண்ணான்னு மறுபடியும் கேட்டாரு."

"போச்சு. தெரிஞ்சு போச்சு அவருக்கு."

"இங்க பாருங்க, எதுக்கும் ஒரு போன் போட்டுப் பேசிப் பாத்தா?" என்றார் மாப்பிள்ளை. அவர் செய்த ஒரே தப்பு இதுதான்.

தங்கச்சி சிற்பத்தின் பின்பக்கம் போய் நின்றுகொண்டு அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, கடையிலயா இருக்க?"

"இல்ல. ஒரு வீட்டுல பீரோ திறக்க மாட்டேங்குதுன்னாங்க, வெளிய வந்திருக்கேன். நீ எங்க இருக்க?"

"நான் எங்க இருப்பேன், கிளினிக்லதான்."

"கிளினிக்லயா?"

"ஆமா. ஒரே கூட்டம்."

"டாக்டரம்மா இருக்காங்களா?"

"இதோ, பக்கத்துலதான் நின்னு ஒருத்தருக்குப் பல்லு புடுங்கிக்கிட்டு இருக்காங்க."

அந்தப் பக்கம் அண்ணன் இரண்டு முறை இருமினார்.

"ஏதோ காத்து சத்தம் கேக்குதே."

"அது எச்சில் உறிஞ்சுற மெஷின்."

"ஓ. சரிம்மா," என்றார் அண்ணன் மிக மெதுவாக. "பாத்துப் புடுங்கச் சொல்லு." வைத்துவிட்டார்.

"நம்பிட்டாரா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"நம்பின மாதிரி நடிக்கிறாரு. அது இன்னும் மோசம். அவர் தேடிக்கிட்டு வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்."

முடித்திருக்கலாம். ஆனால் பதிவாளர் படிவத்தை விரித்ததும் கடல்காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. காவலாளி துரத்த, அது இரண்டு சுற்றுச் சுற்றிக் காதின் மடலில் போய் ஒட்டிக்கொண்டது. எடுத்துவந்து நீட்டியவர், "காதுக்குள்ள போயிடுங்க. அங்க காத்து அடிக்காது," என்று யோசனை சொன்னார்.

எல்லோரும் குனிந்து காதுக்குள் நுழைந்தார்கள். உள்ளே காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. உறுதிமொழியைத் தங்கச்சி வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள்.

"கேக்கல," என்றார் பதிவாளர். "சத்தமாச் சொன்னாத்தான் செல்லும்."

"இவரை முழு மனசோட என் கணவரா ஏத்துக்கறேன்," என்று சத்தமாகவே சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். "அண்ணனுக்கு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

காவலாளி தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் மெதுவாப் பேசும்மா. இதுக்குள்ள பேசினா, கீழ வண்டி நிறுத்துற இடத்துல பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேக்கும். அப்படிக் கேக்கணும்னே செஞ்சதாம், பலகையில போட்டிருக்கு."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நாப்பத்தோரு ஜோடியில யாரும் ரகசியமாக் கட்டிக்கலியே. எனக்கென்ன தெரியும்?"

பேக்கரி அம்மா வெளியே தலையை நீட்டிப் படிகளைப் பார்த்தார். பார்த்தவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஏறி வர்றது உங்க அண்ணன்தான்."

நூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறி முடிக்கிறவரை அத்தனை பேரும் காதுக்குள்ளேயே நின்று காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தேய்த்த சட்டையும் பளபளக்கும் செருப்புமாக, வேர்த்துக் கொட்ட வந்து நின்றார் அண்ணன்.

தங்கச்சி வெளியே வந்தாள். ஆறு மாதத்துக்குப் பிரித்து வைத்திருந்ததெல்லாம் அரை நிமிடத்தில் கொட்டிவிட்டது.

"அண்ணா, நான் வீட்டை விட்டுப் போகல. மத்தியானம் வந்து எப்பவும்போல சமைச்சிடுவேன். இவரு அவர் வீட்டுலயே இருப்பாரு."

"அதை நாம இன்னும் பேசி முடிக்கலியே," என்றார் மாப்பிள்ளை.

"நீங்க சும்மா இருங்க. அண்ணா, உன்னைத் தனியா விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. அதான் சொல்லல. வேணும்னா இதை இப்பவே நிறுத்திடறேன்." மாப்பிள்ளை கடலைப் பார்த்தார். நிறுத்திடறேன் என்ற சொல் அவருக்கு எங்கே பட்டதென்று முகத்தில் தெரிந்தது.

எத்தனையோ பூட்டைத் திறந்த அண்ணனுக்குத் தன் வாயைத் திறக்க வழி தெரியவில்லை. ஒருவழியாக, "கிளினிக்ல இருக்கேன்னியே," என்றார்.

"பொய் சொன்னேன்ணா. கிளினிக் இன்னைக்கு லீவு."

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் காதின் இரும்பில் இருந்த ஒரு போல்ட்டை முதல்முறை பார்க்கிறவர் மாதிரி பார்க்க ஆரம்பித்தார். மணி பதினொன்று இருபது. பதிவாளர் குனிந்து காதிலிருந்து வெளியே வந்து, அவரை ஒரு பார்வையும் கைக்கடிகாரத்தை ஒரு பார்வையும் பார்த்தார்.

"சார், உங்களோடது பதினொன்றரைக்குத்தான்," என்றார். "இவங்க கையெழுத்துப் போட்டு முடிக்கட்டும், அதுவரைக்கும் டாக்டரம்மாவைக் கீழ கார்லயே உக்காந்திருக்கச் சொல்லுங்க."