கேத்தலுக்குள் போன ட்ரையர்

படித்த படிப்பு எனக்கு ஒரு கெட்ட பழக்கத்தையும் சேர்த்தே தந்திருந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஓர் எண்ணைப் பார்த்துவிட்டால் அது சாமி வாக்கு. பக்கத்தில் நிற்கிற மனுஷன் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் என் காதில் ஏறாது.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. கொழும்பில் ஒரு சின்னக் கம்பெனியில் எஞ்சினியர். ஃபேக்டரி மெஷின்களில் சென்சர்களைப் பொருத்தி, சூடு, ஈரம், ஓடிய நேரம் எல்லாவற்றையும் ஒரே திரையில் சேர்த்துக் காட்டுவதுதான் வேலை. தனியாகப் பொறுப்பெடுத்த முதல் இடம், லுணுகலைக்குப் பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரி. அங்கே அரைத்த கொழுந்தைச் சூடான காற்றில் காயவைக்கிற ட்ரையரைப் பார்த்துக்கொண்டவன் என் சொந்த அண்ணன் சிவா.

தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பிள்ளை எஞ்சினியராக வந்து நிற்கிறாள் என்று தோட்டமே பெருமைப்பட்டது. நான் அதைவிட அதிகமாகப் பெருமைப்பட்டேன். மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. (வீட்டில் சோறு தின்னும்போதுகூட. அம்மா சாட்சி.)

வேலை முடிந்து, கொழும்பிலிருந்து தோட்டக் கம்பெனி டைரக்டர் பார்க்க வருகிற நாள். அவருக்குப் பிடித்தால் மற்றத் தோட்டங்களும் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் நான் திரும்பி வரவே வேண்டாம் என்று என் பாஸ் போனில் அன்பாகச் சொல்லியிருந்தார்.

காலையில் ட்ரையருக்கான சென்சரையும் ஒரு ஸ்பெயர் சென்சரையும் கடைசியாக ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் சரியான சூட்டைக் காட்டுகிறதா என்று பார்ப்பது வழக்கம். கேன்டீனில் செல்லம்மாக்கா தேத்தண்ணிக்கு வைத்திருந்த பெரிய கேத்தலில் இரண்டையும் தொங்கவிட்டேன். இரண்டும் தொண்ணூற்றாறு காட்டின; எங்கள் மலை உயரத்தில் தண்ணீர் அந்தச் சூட்டிலேயே கொதித்துவிடும். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே அச்சு, எங்கே கிடந்தாலும் வைஃபையில் திரைக்கு எண் அனுப்பும். அவசரத்தில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு போய் ட்ரையரில் மாட்டினேன். எதைக் கழற்றினேன் என்று பார்க்கவில்லை.

பத்து மணிக்கு டைரக்டர், தோட்ட மேனேஜரான பெரிய தொரை, ஃபேக்டரிப் பொறுப்பாளரான டீமேக்கர் மூவரும் வந்தார்கள். கையில் டேப்லெட்டை ஏந்தி, ட்ரையர் பக்கத்திலேயே நின்று விளக்கினேன்.

"பாருங்க சேர், காலையிலேர்ந்து தொண்ணூத்தாறு. ஆடவே இல்ல. ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி!"

உயிருள்ள எந்த ட்ரையரும் அப்படி ஆடாமல் நிற்காது. அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். டைரக்டர் தலையாட்டினார். நான் உச்சி குளிர்ந்து போனேன்.

அந்த நேரம் பார்த்து டேப்லெட் அலறியது. திரை சிவந்தது. தொண்ணூற்றாறு மளமளவென்று இறங்கி ஐம்பத்தெட்டில் வந்து நின்றது.

"ட்ரையர் சூடு விழுந்துருச்சு! நிப்பாட்டுங்க!"

சிவா பதறி ஓடி வந்தான். "அடியே, சூடு சரியாத்தான் இருக்கு. இந்த மீட்டரப் பாரு!"

"அது பழைய மீட்டர். நீ கவனிக்கல, அதான்!"

சொன்னது மட்டுமில்லை, நானே பாய்ந்து சிவப்பு பட்டனை அமுக்கினேன். டீமேக்கர் எல்லார் முன்னாலும், "என்ன சிவா, தூங்குறியா?" என்று கத்தினார். அண்ணன் என்னை மட்டும் பார்த்தான்.

பட்டனை அமுக்கினால் கொழுந்து கிடக்கிற தட்டுகள்தான் நிற்கும். அடுப்பு நிற்காது. (இதையும் நான்தான் அவர்களுக்கு ஸ்லைடு போட்டு விளக்கியிருந்தேன்.) நின்ற தட்டில் கொழுந்து கருகி, புகை குபுகுபுவென்று வந்தது. அதே சமயம் திரையில் எண் ஏறியது. எழுபது, எண்பது, தொண்ணூற்றாறு. பச்சை விளக்கு.

புகைக்கு நடுவில் இருமிக்கொண்டே அறிவித்தேன்: "சரியாயிருச்சு சேர்! இப்ப நல்லா ஓடுது!"

டைரக்டர் நின்றுபோன மெஷினைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "எது ஓடுது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

அப்போதுதான் செல்லம்மாக்கா ஒரு கையில் தேத்தண்ணித் தட்டும், மறுகையில் வயர் தொங்கும் சின்னப் பெட்டியுமாக வந்தார்.

"தங்கச்சி, இது ஒங்க சாமானா? கேத்தல்லயே கெடந்துச்சு. தொட்டா ஏசுவீங்களோன்னு விட்டுட்டேன். பெரியவங்களுக்குத் தேத்தண்ணி பத்தாதுன்னு பச்சத்தண்ணி ஊத்தி மறுபடி கொதிக்க வச்சேன். இப்பத்தான் வெளிய எடுத்தேன்."

டேப்லெட் மறுபடி அலறியது. ட்ரையர்: இருபத்தாறு.

சிவா போய் அடுப்பை அடைத்தான். டைரக்டர் ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்: "ஆக, இந்த ஃபேக்டரியில நீ ஒழுங்கா அளந்தது நாங்க குடிக்கிற தண்ணிய மட்டுந்தான்."

அன்று சாயந்தரம் ஹெல்மெட் இல்லாமல் வீட்டுக்குப் போனேன். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சூடு விழுந்ததாகச் சொன்னதுகூடப் பரவாயில்லை. எல்லார் முன்னாலும் "நீ கவனிக்கல" என்று சொன்னதுதான் முள்ளாகக் குத்தியது. மறுநாள் விடியப் பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது, டீமேக்கரிடம் போய் ஊரே கேட்கச் சொன்னேன்: "சிவா மேல தப்பில்லீங்க. நாந்தான் சென்சர மாத்தி மாட்டிட்டேன். எங்கண்ணன ஏசுனதுக்கு நீங்க அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

டீமேக்கர் சொன்னார். அண்ணன் வெட்கத்தில் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டான்.

டைரக்டர் வேலையைப் பறிக்கவில்லை. மாட்டுகிற ஒவ்வொரு சென்சரையும் முதலில் என் உள்ளங்கையில் பொத்தி, திரையில் அந்தப் பெயருக்கு நேரே சூடு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று கட்டளை போட்டார். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

ஆனால் வீட்டில் தப்பிக்க முடியவில்லை. டீமேக்கர் மன்னிப்புக் கேட்ட அன்றிரவே அம்மா அடுப்படியிலிருந்து, "ட்ரையர் கொதிக்குது, யாருக்குத் தேத்தண்ணி?" என்று கேட்டார். முதலில் சிரித்தவன் அண்ணன். பண்டாரவளையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு தேத்தண்ணி போடுமா?" என்று கேட்டதற்கு, "போடுவா, பக்கத்துல சிவப்பு பட்டன் மட்டும் இருக்கக்கூடாது" என்று சொல்லி, முழுக்கதையையும் அவன் சொல்லித்தான் விட்டான். கல்யாணம் நடந்தது. கேத்தலை ட்ரையர் என்கிற பேச்சும் என்னோடு கூடவே புகுந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

போன மாதம் நர்சரி டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். படம் பார்த்துப் பெயர் சொல்லும் பாடமாம். கேத்தல் படத்தைக் காட்டினால் என் மகள் "ட்ரையர்" என்கிறாளாம். எத்தனை முறை திருத்தினாலும் கேட்கவில்லையாம்.

"எங்கம்மா எஞ்சினியர், அவங்களுக்குத் தெரியும்" என்று சொல்கிறாளாம்.