மன நிம்மதிக்கு உகந்த ஜீப்பு

மனசைப் படிக்கப் போகிறேன் என்று உளவியலில் சேருகிறவர்களுக்கு, உள்ளே கணக்கு காத்திருப்பதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தோடு கணக்குக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டு எம்.எஸ்ஸி. வகுப்பில் போய் உட்கார்ந்தால், முதல் வாரமே ஒருவர் வந்து பலகையில் ‘புள்ளியியல்’ என்று எழுதினார். பக்கத்தில் இருந்தவளிடம், “நாம வகுப்பு மாறி வந்துட்டமா?” என்று கேட்டேன். அவளும் அதே சந்தேகத்தில்தான் இருந்தாள்.

அந்தக் குழப்பம் படிப்பு முடியும்வரை தெளியவில்லை. சராசரி புரிந்தது. திட்ட விலக்கம் என்றால், ஆளுக்கு ஆள் பதில் எவ்வளவு விலகி நிற்கிறது என்று காட்டும் எண் என மனப்பாடம் செய்துகொண்டேன். அதற்கு மேல் எது வந்தாலும் தலையாட்டினேன். (தலையாட்டுவதில் வகுப்பிலேயே நான்தான் முதல்.) இந்த லட்சணத்தில் கடைசி செமஸ்டரில் ஆய்வு செய்யச் சொன்னார்கள். ‘ஏலத்தோட்டப் பெண்களின் மன நிம்மதி’ என்று தலைப்பு வைத்தேன்.

தலைப்புக்குக் காரணம் என் அப்பா. அவரும் சித்தப்பாவும் போடியில் ஜீப்பு ஓட்டுகிறவர்கள். விடிந்தும் விடியாமலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வழியாக மேலே ஒரே தோட்டத்தில் கொண்டுபோய் விடுவார்கள். அப்பாவுடையது நீல ஜீப்பு, சித்தப்பாவுடையது வெள்ளை. கிளம்புமுன் ஒரே கடையில் டீ. அண்ணன் குடிக்காமல் தம்பி குடிக்க மாட்டார்.

“எதுக்குத் தாயி ஊரெல்லாம் அலையுறே? நம்ம ரெண்டு வண்டியிலயும் ஏறுற ஆளுகள கேளு. வெரசா சோலி முடிஞ்சுரும்” என்றார் அப்பா. அவர் சொன்னது எனக்குப் பெரிய ஆராய்ச்சி முறையாகவே பட்டது.

முதல் நாள் நீல ஜீப்பு. முன்சீட்டில் அப்பாவுக்கு அடுத்து பேச்சியம்மா அத்தை. அந்த ஜீப்புக்குப் பேச்சு எல்லாம் அவர்தான். கூலி பேசுவதானாலும், வழியில் வண்டியை நிறுத்தச் சொல்வதானாலும் அவர் வாயைத் திறந்தால்தான் மற்றவர்கள் திறப்பார்கள். நான் பின்பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்து, வேலைக்குப் போகையில் மனசு எப்படி இருக்கிறது என்று ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்லச் சொன்னேன்.

“அஞ்சுன்னா நல்லதா, கெட்டதா?” என்றார் பேச்சியம்மா.

“ரொம்ப நிம்மதின்னா அஞ்சு அத்தை.”

அவர் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். “அப்ப அஞ்சே போட்டுக்க தாயி. நமக்கென்ன கொற.”

அடுத்தவர் ஐந்து. அதற்கடுத்தவரும் ஐந்து. கொண்டை ஊசி வளைவுகளில் என் பேனா இழுத்துக்கொண்டு போனதே தவிர, பதில் இம்மியும் நகரவில்லை. கடைசியில் இருந்த ஒரு அக்கா மட்டும், வளைவில் குமட்டிக்கொண்டு வந்ததால் நாலு என்றார். அதற்கே பேச்சியம்மா திரும்பி ஒரு முறை முறைத்தார்.

மறுநாள் வெள்ளை ஜீப்பு. அதில் பேச்சு வீராயி அக்காவுடையது. முந்தின நாள் சாயங்காலம் அவர் இளங்காயைப் பறித்துவிட்டார் என்று தோட்டத்து சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறார். “நிம்மதியா? எங்களுக்கா? ஒண்ணு போடு” என்றார் வீராயி. ஒண்ணு, ஒண்ணு என்றே வந்தது. தூக்கக் கலக்கத்தில் ஒருவர் மட்டும் ரெண்டு என்றுவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டேன். ஒவ்வொரு ஜீப்பிலும் திட்ட விலக்கம் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. ஏதோ கோளாறு என்று அணைத்து அணைத்துப் போட்டேன். அப்படியே நின்றது. ஆனால் இரண்டு ஜீப்புக்கும் உள்ள வித்தியாசம், வகுப்பில் யாருக்குமே வராத அளவுக்கு அட்டகாசமாக வந்திருந்தது. யோசித்தேன். (யோசித்தேன் என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.) அதே மலை, அதே தோட்டம், அதே கூலி. மாறியது ஜீப்பு மட்டும். ஆக, நிம்மதி தருவது நீல ஜீப்பு.

இதை அப்பாவிடம் சொன்னதுதான் நான் செய்த அடுத்த காரியம். இரண்டே நாளில் நீல ஜீப்பின் பின்னால் மஞ்சள் எழுத்தில் ஸ்டிக்கர் ஏறிவிட்டது: ‘மன நிம்மதிக்கு உகந்த ஜீப்பு. ஆராய்ச்சியில் கண்டது.’

சித்தப்பா டீக்கடையில் நின்று அதைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்ப என் வண்டி என்ன தாயி, ஆளுகளுக்குக் கிறுக்கு புடிக்க வைக்குதா?”

வெள்ளை ஜீப்பு ஆட்கள், படித்த பிள்ளையே சொல்லிவிட்டது என்று ஒவ்வொருவராக நீலத்துக்கு மாறினார்கள். சித்தப்பா பாதி வண்டி காலியாக மலையேறினார். டீ குடிக்க வேறு கடை பார்த்துக்கொண்டார். அப்பா மட்டும் தினமும் இரண்டு டீ சொல்லிவிட்டு, ஒன்று ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆனாலும் கம்ப்யூட்டர் சொன்னதை நான் எப்படி மாற்றுவது?

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு மேடம் வந்தார். என் முடிவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எங்க வச்சும்மா கேட்டீங்க?”

“ஜீப்புக்குள்ள மேடம்.”

“எல்லாரும் இருக்கும்போதா?”

“ஆமா மேடம். நேரம் மிச்சமாகும்னு.”

“ஜீப்பு யார் ஓட்டினது?”

“ஒண்ணு எங்கப்பா, இன்னொண்ணு சித்தப்பா. அப்பாவுக்குப் பக்கத்துல இருந்த அத்தைதான் அதுல முதல்ல பதில் சொன்னாங்க.”

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் புரிந்தது. “நீங்க ரெண்டு ஜீப்பு ஆளுகளக் கேக்கலம்மா. மொத்தமே முதல்ல பேசின ரெண்டு பேரத்தான் கேட்டிருக்கீங்க. அதுல ஒருத்தர் உங்கப்பா பக்கத்துல உக்காந்திருந்தாங்க. போய் ஒவ்வொருத்தரா தனியா கேட்டுட்டு வாங்க” என்றார்.

தோட்டத்துக்குப் போய், ஏலச்செடிகளுக்கு நடுவே குனிந்து காய் பறித்துக்கொண்டிருந்தவர்களிடம் தனித்தனியாகக் கேட்டேன். ஒருவர் நாலு, ஒருவர் ரெண்டு, ஒருவர் மகன் நினைப்பு வந்து அழுதே விட்டார். பேச்சியம்மா ரெண்டு என்றார். “அன்னைக்கு அஞ்சுன்னீங்களே அத்தை?” “ஒங்கப்பன பக்கத்துல வச்சுக்கிட்டு வேற என்னத்தச் சொல்ல? அந்த வண்டி போடுற போடுல இடுப்பு ஒடியுது.” புதிய கணக்கில் ஜீப்புக்கும் நிம்மதிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். “அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுச்சா?” என்றார் குழப்பமாக.

“அது சரியாத்தாம்ப்பா சொல்லுச்சு. நாந்தான் கேக்கத் தெரியாம கேட்டேன்.”

அன்றே ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனார். நடந்ததை நான் விளக்கினேன். அப்பா, “தப்புதான் தம்பி, மனசுல வச்சுக்காதே” என்றார்.

சித்தப்பா நிதானமாகக் கேட்டார். “இத நீயா சொல்றியா அண்ணே, இல்ல ஒம்மக நிக்கிறான்னு சொல்றியா?”

அப்பா என்னைப் பார்த்தார். “தாயி, நீ கொஞ்சம் வெளிய நில்லு.”

தெருவில் போய் நின்றேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது. வெகு நேரம் கழித்து இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, என்னைக் கண்டுகொள்ளாமல் டீ குடிக்கப் போனார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பட்டமும் பிறகு வந்தது.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து முக்கியமான பேச்சு எது வந்தாலும் யாராவது ஒருவரை வெளியே நிற்கச் சொல்வார்கள், பிறகு எல்லோரும் சிரிப்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் அது நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் போனதும் அத்தைகள், மாமாக்கள் எல்லோரும் ஒரே குரலில் “நல்ல பையன்” என்றார்கள். நானும் வழக்கம்போலத் தலையாட்டினேன். சித்தப்பா மட்டும் எழுந்து, ஒவ்வொருவராக வெளியே அனுப்பினார். கடைசியில் அப்பாவையும் அனுப்பினார். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போனார்.

“இப்பச் சொல்லு தாயி. அஞ்சுக்கு எத்தன?”

என் வாழ்க்கையில் அப்படித் தனியாக வைத்து என்னை யாரும் அதுவரை கேட்டதில்லை. நிஜமாகவே யோசித்து ஓர் எண் சொன்னேன். கல்யாணம் நடந்தது. அந்த எண் என்ன என்று என் கணவர் இன்றும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவரை எதிரில் வைத்துக்கொண்டு நான் எதைச் சொன்னாலும் செல்லாது என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?