வடிக்கு வேலையில்லாத மா

தேத்தண்ணி வடிகட்டும் வடியைக் கோப்பைக்கு மேல் பிடித்து, கரண்டியின் முதுகால் மாக்கட்டிகளை நசித்துக்கொண்டிருந்தாள் தனுஷியா. ஒரு பெரிய கட்டியை நசித்தால் நாலு சின்னக் கட்டிகள் பிறந்தன. நாலையும் நசித்தால் அவை ஒன்றுகூடி மறுபடியும் பெரிய கட்டியாயின. சீமெந்து குழைக்கிறவனுக்குக்கூட இவ்வளவு கை உளைந்திருக்காது.

புருசன் கஜீவனுக்கான புரோட்டீன் மா அது. அவனுக்கு வயிற்றைச் சின்னதாக்கும் ஒப்பரேசன் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. வெட்டுவதற்கு முந்தி அந்த வயிற்றுக்குள் ஒரு கலியாணப் பந்தியையே இருத்தலாம். இப்போது ஒரு கதலிப்பழம் அளவுதான் மிச்சம் என்று டொக்டர் படம் கீறிக் காட்டியிருந்தார். அதற்குள் அதிகம் போகாது. ஆனால் உடம்பு கரைந்து விழாமல் இருக்க ஒவ்வொரு நாளும் புரோட்டீன் போயே ஆகவேண்டும்.

கொள்ளுப்பிட்டிக் கடையில் நல்ல மாவின் விலையைக் கேட்டுவிட்டு வந்த அன்று, கஜீவன் கூடத்தின் நடுவில் நின்று பிரகடனம் செய்தான்.

“இஞ்ச பாரும் தனு. டின்னில ஒருத்தன் கையை மடக்கிக்கொண்டு நிக்கிறான். அவன்ர கைக்கு நான் ஏன் காசு குடுக்கவேணும்?”

“அப்ப எதை வாங்கிறது?”

“புறக்கோட்டையில சோயா மா நிறுத்து விக்கிறான். புரோட்டீன் எண்டால் புரோட்டீன்தான். அதுக்கு என்ன பெரிய குடும்பப் பின்னணி வேண்டிக் கிடக்கு?”

“சரியப்பா.”

“இனி எல்லாத்திலயும் சிக்கனம். மீனையும் கொஞ்சம் குறையும். பாரை விக்கிற விலையில அதைப் படத்தில பாத்தால் காணும்.”

தனுஷியா தலையாட்டினாள். அவள் தலையாட்டுகிற சாதி. பேசுவதற்கு முதல் சொல்லை வாய்க்குள் வைத்துப் பார்த்துவிட்டு, அனேகமாக விழுங்கிவிடுவாள். வெள்ளவத்தையில் இந்தத் தொடர்மாடிக்கு வந்து இரண்டு வருசம். லிப்டில் யாராவது ஏறினால் மாடி இலக்கங்களைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இடுப்பில் இருக்கும் சின்னவள்தான் தாய்க்கும் சேர்த்து எல்லாரையும் பார்த்துச் சிரிக்கும்.

சோயா மா நனைந்த சாக்கு மணத்தது. கஜீவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, “சோக்கான சாமான்” என்று சொல்லிக் குடித்தான். ஒன்றரைக் கிழமை வீரமாகக் குடித்தான். பிறகு ஒருநாள் பின்னேரம், பழைய பால்மா டின் ஒன்றைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு வந்தான்.

“அதே கடை. அதே விலை. புதுச் சரக்கு.”

தனுஷியா வழமைபோல வடியை எடுத்து, மாவைப் போட்டு, கரண்டியை ஓங்கினாள். நசிக்க ஒன்றுமில்லை. மா, மழைத்தண்ணி பீலியால் போவதுபோல இறங்கிப் போய்விட்டது. கோப்பையில் இருந்து ஐஸ்கிறீம் கடை வாசம் வந்தது. அவள் வெறும் வடியைப் பார்த்தாள். கஜீவன் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தான்.

“நல்ல மா என்ன?”

“ஓமப்பா. நல்ல மா.”

அவ்வளவுதான். வாயில் வந்த மிச்சத்தை விழுங்கிவிட்டாள்.

விலை அவளுக்குப் பெரிய கவலை இல்லை. கவலை அந்தக் கோப்பைதான். முந்தியெல்லாம் கஜீவன் சாப்பாட்டு மேசையில் ஏறாத குறையாக இருந்து சாப்பிடுவான். சோறு உள்ளே போகப் போகக் கதை வெளியே வரும். கந்தோர் மனேச்சர் தும்மியது, பஸ்ஸில் ஒரு கிழவி கொண்டக்டரைக் கிழித்தது எல்லாம் இரண்டாவது கோப்பைச் சோற்றோடு வரும். அவள் பேசத் தேவையில்லை, கேட்டால் காணும். அவளுக்கு அதுதான் ஊர்ப்புதினம், நாடகம், சொந்தபந்தம் எல்லாம்.

டொக்டர் வயிற்றை வெட்டியபோது கதையையும் சேர்த்து வெட்டிவிட்டார். ஒப்பரேசனுக்குப் பிறகு முதல்முதல் சோறு தின்ற அன்று ஒரு வாய் நெஞ்சில் இறுகி, கஜீவன் அவசர அவசரமாக எழும்பி ஓடினான். அன்றோடு மேசைக்குப் பயம். கோப்பையைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போய், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடற்கரை றெயிலைப் பார்த்தபடி உறிஞ்சுவான். உள்ளே மேசையில் தனுஷியாவும் ஒரு கோப்பைச் சோறும் பருப்பும். எதிர்க் கதிரையில் தோய்த்த உடுப்பு. அவனுடைய வயிறு சின்னதாகிப் போனதில் வீடுதான் பெரிசாகிப் போனது.

கிளினிக்கில் தாதி போனமுறையே சொல்லிவிட்டாள். “இனி மாவை மட்டும் நம்பி இருக்கேலாது. மீன், முட்டை, பருப்பெண்டு ரெண்டு கரண்டி மெல்லச் சப்பிச் சாப்பிடுங்கோ. மா பக்கத்துணைக்குத்தான்.”

வீட்டுக்கு வந்ததும் தனுஷியா கேட்டாள். “ஒரு துண்டு மீன் அவிச்சுத் தரட்டே?”

“மீன் விலை தெரியுமோ உமக்கு?”

பயத்துக்கு விலையைப் போர்த்துக் கதைக்கிறான் என்று அவளுக்கு விளங்கியது. இந்த டின் இருக்கும்வரை மனுசன் பல்கனியை விட்டு வரமாட்டான். டின் முடியவேண்டும். ஆனால் சாப்பாட்டுச் சாமானைக் கொட்ட மனம் வருமா?

அடுத்தநாள் லிப்டில் மூன்றாம் மாடி சரோஜினிதேவி அன்ரி, இடுப்பு முறிந்து பிடித்து நடக்கும் கம்பியோடு நின்றார். “எலும்பு பொருந்தப் புரோட்டீன் குடியெண்டு சொல்லுறாங்கள் பிள்ளை. விலையைக் கேட்டால் மற்ற இடுப்பும் முறிஞ்சிடும்போல கிடக்கு.”

வழமைக்குத் தனுஷியா இலக்கங்களைத்தான் பார்த்திருப்பாள். அன்று வாய் தன்பாட்டில் திறந்தது. “எங்கட வீட்டில இருக்கு அன்ரி. மலிவு மா. கொண்டு வந்து தாறன்.”

சொன்ன சொல்லை இனி விழுங்க முடியாது. அன்றே ஒரு போத்தல் நிறையக் கொண்டுபோனாள். திரும்பி வர ஒரு மணித்தியாலம் ஆனது. மறுநாள் எதிர்வீட்டு ஷிம்னாவின் கதவையும் தட்டினாள். அவளுடைய வாப்பா ஹாஷிம் ஆஸ்பத்திரியால் வந்து வாடிப்போய்க் கிடந்தார்.

“வாப்பா முழுக்கோப்பையும் குடிச்சிட்டார்” என்று ஷிம்னா அந்திக்கே வந்து சொன்னாள். “நீங்க பக்கத்திலயே இருந்தும் இவ்வளவு நாளாப் பேசவே இல்லையே.”

தனுஷியா வெட்கத்தில் அவளுக்கு இன்னொரு போத்தல் கொடுத்தாள். மிஞ்சியதில் சின்னவளுக்கு ரொட்டி சுட்டாள்.

வெள்ளிக்கிழமை கஜீவன் டின்னைத் திறந்தான். டின்னின் அடி அவனைப் பார்த்துப் பளபளத்தது.

“தனு. இதுக்க கிடந்த மா?”

“அன்ரிக்குக் கொஞ்சம், ஷிம்னான்ர வாப்பாவுக்குக் கொஞ்சம் குடுத்தனான். பாவங்கள்.”

“கொஞ்சமோ? அது… அப்பிடிக் குடுக்கிற மா இல்லையப்பா அது.”

“ஏனப்பா, மலிவு மாதானே?”

கஜீவனின் வாய் திறந்தது. உண்மை விலை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதற்குப் பின்னால் பாரை மீன் பிரசங்கமும் வந்து நின்றது. வாய் மூடியது.

“மலிவுதான். எண்டாலும்…”

“சின்னவளுக்கு ரொட்டியும் சுட்டனான். நல்லாச் சாப்பிட்டது.”

“ரொட்டியோ?” கஜீவன் கதிரையைத் தேடிப் பிடித்தான்.

“அன்ரிக்கு அந்தப் புறக்கோட்டைக் கடையையும் விலையையும் சொல்லிப்போட்டன். நாளைக்கு எல்லாருக்குமாச் சேர்த்து நாலு டின் வாங்கித் தாங்கோ.”

“நாலோ?” கஜீவன் பிடித்த கதிரையில் இருந்தேவிட்டான். “அந்தக் கடை… அந்தக் கடையைப் பூட்டிப்போட்டாங்கள்.”

“ஐயோ பாவம். எப்ப?”

“இப்பதான். ஒரேயடியா.”

“அப்ப இனி மா இல்லை” என்றாள் தனுஷியா. எழும்பிக் குசினிக்குள் போனாள். கஜீவன் இருந்த கதிரை சாப்பாட்டு மேசைக் கதிரை. காய்ந்த உடுப்பை அவள் காலையிலேயே மடித்து எடுத்துவிட்டிருந்தாள்.

சின்னத் தட்டில், ஆவி பறக்க, முள்ளெடுத்த பாரை மீன் இரண்டு கரண்டி. மிளகும் தேசிப்புளியும் மட்டும். தனக்குச் சோறும் பருப்பும் போட்டுக்கொண்டு எதிரில் இருந்தாள்.

கஜீவன் தட்டைப் பார்த்தான். விலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அன்று அவனுக்கு விலை கதைக்கிற முகம் இல்லை. ஒரு நுனி எடுத்துச் சப்பினான். நெஞ்சைத் தடவிக்கொண்டு காத்திருந்தான். தனுஷியாவும் சோற்றைப் பிசைந்தபடியே காத்திருந்தாள். கீழே றெயில் ஒன்று வந்து போயிற்று.

“இறங்கீட்டுது” என்றான் மெல்ல.

இன்னொரு நுனி. அதுவும் இறங்கியது. கஜீவன் கதிரையில் சாய்ந்தான். “இண்டைக்குப் பஸ்ஸில தனு, ஒரு மனுசன் கோழியொண்டைப் பையுக்க வச்சுக்கொண்டு…”

தனுஷியா அசையவில்லை. அசைந்தால் கதை பறந்துவிடும்போல இருந்தது.

அப்போதுதான் வெளியே கம்பி தட்டுகிற சத்தமும் சரோஜினிதேவி அன்ரியின் குரலும் கேட்டன. “பிள்ளை தனுஷியா, நீர் சொன்ன கடையில மகன் மா வாங்கிக்கொண்டு வந்திட்டான். நீர் சொன்ன அதே விலைதான். ஆனால் ஒரே கட்டியாக் கிடக்கம்மா. சாக்கு மணமும் மணக்குது. ஒருக்கா வந்து கரைச்சுத் தாரும்.”

ஒரேயடியாகப் பூட்டின கடை. கோழிக்காரன் பையோடு பாதி வழியில் நின்றுவிட்டான்.

“உமக்கு எப்ப தெரியும்?” என்றான் கஜீவன் தட்டைப் பார்த்தபடி.

“வடிக்கு வேலையில்லாமப் போன அண்டைக்கே.”

“அண்டைக்கே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தால் நீங்கள் பல்கனியிலயே இருந்திருப்பியள். நான் இதில தனிய…”

“பிள்ளை, நிக்கிறீரோ?”

“வாறன் அன்ரி.” தனுஷியா கையைக் கழுவி, கொளுக்கியில் தொங்கிய வடியை எடுத்துக்கொண்டு, கதவடியில் நின்று திரும்பினாள். “மற்றதை மெல்லச் சப்பிச் சாப்பிடுங்கோ. எழும்பிப் போயிடாதேங்கோ. அந்தக் கோழிக்கு என்ன நடந்ததெண்டு நான் வந்து கேக்கிறன்.”