மூன்று நட்சத்திரக்காரரை நூல் மூட்டையில் உட்கார வைத்த விவரம்

திருப்பூர்
5-5-1966

மூலனூர் மகாராஜராஜஸ்ரீ மச்சான் சென்னிமலை அவர்களுக்கு, பனியன் கம்பெனி ரத்தினசாமி மரியாதையுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை கண்ணம்மாளும் மகள் சுப்புலட்சுமியும் முருகன் புண்ணியத்தில் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உங்கள் வீட்டாரும் முருங்கைத் தோட்டமும் அப்படியே இருப்பதாக நம்புகிறேன். உடம்பைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இங்கே குறைதான். அதற்கு முழுக்க முழுக்க நீங்கள்தான் காரணம் என்பதைத் தெரியப்படுத்தவே இந்தக் கடிதம்.

மாப்பிள்ளை தண்டாயுதபாணி தாராபுரத்தில் சப்-இன்ஸ்பெக்டர், தங்கமான பையன், அவிநாசித் தேர் பந்தோபஸ்து முடிந்து திரும்பும்போது அப்படியே வந்து பெண்ணைப் பார்ப்பார், கூடவே அவருக்குப் பெரியப்பா முறையாகிற மேலதிகாரியும் வருவார் என்று விலாவாரியாக எழுதினீர்களே, போலீஸில் யார் பெரியவர் யார் சின்னவர் என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று ஒரு வரி எழுதினீர்களா? நான் பிறந்தது முதல் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறாதவன். சுப்புலட்சுமியோ வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் மூக்கு சரியில்லை, பேச்சு சரியில்லை என்று திருப்பி அனுப்பியவள். இந்தப் பையனின் போட்டோவைப் பார்த்துவிட்டு மட்டும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். எங்கள் வீட்டில் அது பாதிச் சம்மதத்துக்குச் சமம். இந்த இடமும் தட்டிப்போனால் இவளுக்கு எப்போது கல்யாணம் என்று நானும் உங்கள் தங்கையும் சோறு இறங்காமல் கிடந்தோம்.

ஜீப் வந்தது. மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர் தோளில் மூன்று நட்சத்திரம். மாப்பிள்ளை தோளில் இரண்டு. வண்டி ஓட்டி வந்தவர் தோள் துடைத்து வைத்தாற்போலச் சுத்தம். இப்போது நீங்களே சொல்லுங்கள். எங்கள் கம்பெனியில் தைத்து வருகிற பனியனைச் செக்கிங் மேஜையில் விரித்துப் பார்த்து, ஒரு பழுதும் இல்லை என்றால் குறி போடாமல் அப்படியே பெட்டிக்கு அனுப்புவோம். சின்ன ஓட்டை என்றால் நீலச் சாக்பீஸால் ஒரு நட்சத்திரம். ஊசி பழுதாகித் துணியில் நீளமாகக் கோடு விழுந்திருந்தால் இரண்டு. மூன்று விழுந்துவிட்டால் அது பனியனே இல்லை, மெஷின் துடைக்கிற வேஸ்ட். இந்தக் கணக்கிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குத் தோளில் மூன்று நட்சத்திரத்தோடு ஒருவர் வந்து நின்றால் என்ன தோன்றும்? ஐயோ பாவம் என்றுதான் தோன்றும். அதோடு குறியில்லாதவருக்குத்தான் தொப்பியும் மற்றவர்களுடையதைவிட உயரம். வண்டியையும் அவரே ஓட்டினார். எந்த முதலாளி தன் வண்டியை அடுத்தவன் கையில் கொடுப்பான்? அவர் அரைக்கால் சட்டையில் வந்ததையும் கவனித்தேன், பெரிய மனிதர்கள் காற்றோட்டமாக இருப்பது வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன்.

ஆக, குறியில்லாத செங்கோட்டையன் அவர்களை மாலை போட்டு அழைத்து வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து ஃபேனை அவர் பக்கம் திருப்பினேன். மாப்பிள்ளைக்கு ஸ்டூல் கொடுத்தேன். மூன்று நட்சத்திரம் ஆறுமுகசாமிக்கு மூலையில் கிடந்த நூல் மூட்டையைக் காட்டினேன். செங்கோட்டையன் நெளிந்துகொண்டு எழுந்து எழுந்து நின்றார். "உக்காருங்க சாமி, உங்களுக்கு இல்லாத நாற்காலியா" என்று தோளைப் பிடித்து அழுத்தினேன். மூன்று நட்சத்திரத்தைப் பார்த்து, "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, ஐயாவுக்குக் காத்து வரட்டும்" என்றேன். அவரும் தள்ளி உட்கார்ந்தார். எனக்கு மனசு இளகிவிட்டது. பக்கத்தில் போய், "அப்படி என்னதானுங்க பண்ணி மூணு வாங்கிட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அதையேனுங்க கேக்கறீங்க? சர்வீசு பூரா பண்ணுனதுங்க" என்றார்.

"போனது போகட்டுமுங்க. இனியாச்சும் ஒழுங்கா இருந்து ஒண்ணொண்ணா கழட்டீருங்க" என்று தைரியம் சொன்னேன். பிறகு மாப்பிள்ளையிடம், "தம்பி, இந்த வயசுலயே ரெண்டு ஆயிப்போச்சு. மூணாவது மட்டும் வராம பாத்துக்குங்க" என்று பொறுப்போடு எடுத்துச் சொன்னேன். "சரிங்க மாமா" என்றார். செங்கோட்டையன் கூச்சத்தில் பலகாரத் தட்டைத் தொடாமல் இருந்ததால் தன் தட்டிலிருந்த போண்டாவை எடுத்து அவருக்கு வைத்து, "சாப்பிடுங்கண்ணா" என்றார். மேலதிகாரியிடம் என்ன பணிவு, பையன் திருந்திவிடுவான் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் குடி முழுகியது. நான் செங்கோட்டையன் முன்னால் கைகட்டி நின்று, "ஐயா, உங்களை நம்பித்தான் பொண்ணு குடுக்கறேன். மேல சொல்லி இந்தத் தம்பியோட ரெண்டையும் எடுத்து உட்டுட்டீங்கன்னா கோடிப் புண்ணியமுங்க" என்றேன். அவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, "ஏனுங்க, என்ற வேலைக்கு உலை வெக்கறீங்க? நான் டிரைவர் கான்ஸ்டபிளுங்க! அவங்கதானுங்க இன்ஸ்பெக்டரு!" என்று கிட்டத்தட்ட அழுதேவிட்டார்.

மச்சான், நூல் மூட்டையிலிருந்து இன்ஸ்பெக்டர் எழுந்தார். முகம் செக்கச் செவேல் என்று இருந்தது. தோள் இரண்டும் குலுங்கின. வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு விறுவிறு என்று வெளியே போய்விட்டார். அவ்வளவு கோபம். மாப்பிள்ளையும் பின்னாலேயே போனார். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணையே பார்க்கவில்லை. நான் அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வாயாலேயே என் மகள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே. எனவே நீங்கள் உடனே தாராபுரம் போய், அவர்கள் வேண்டாம் என்று சொல்லுமுன் ஜாதகம் பொருந்தவில்லை என்று நாமே சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இனி இந்த வீட்டில் காக்கிச் சட்டைப் பேச்சே வேண்டாம். பெருமாநல்லூரில் பனியனுக்குக் கழுத்துப்பட்டி தைக்கிற பையன் ஒருவன் இருக்கிறானாம், அவனைப் பார்க்கலாம்.

பெரியவர்களுக்கு என் கும்பிடு, குழந்தைகளுக்கு என் ஆசி. உங்களுக்கு இரண்டும் கிடையாது. ஆனாலும் முருகன் உங்களை நன்றாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
ரத்தினசாமி

பின்குறிப்பு: மாமாவுக்கு சுப்புலட்சுமி எழுதுவது. விலாசம் எழுதி ஒட்டச் சொல்லி அப்பா இதை என்னிடம் கொடுத்தார். படித்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் கோபித்துக்கொண்டு போகவில்லை. வாசல் வேப்பமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா உள்ளே தலையில் கை வைத்திருந்தபோது மாப்பிள்ளை தொப்பியை மறந்துவிட்டதாகப் பின்வாசலுக்கு வந்தார். தொப்பி அவர் கக்கத்திலேயே இருந்தது. "உங்கப்பாவுக்கு என்னைப் புடிக்கலீங்களாட்ட இருக்குது. உங்களுக்குங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு முட்டியதால் பதில் சொல்ல முடியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும் மாமா. பள்ளிக்கூடத்தில் நான் என்.சி.சி.யில் இருந்தவள். எந்தத் தோளுக்கு சல்யூட் அடிக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கதவுக்குப் பின்னால் நின்ற நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் அப்பா நிறுத்தியிருப்பார். கொடுக்கவில்லை. மரியாதை கிடைக்காத வீட்டில் ஒரு அதிகாரி எப்படி நடந்துகொள்கிறார் என்று கட்டிக்கொள்ளப் போகிறவள் பார்த்துக்கொள்ள வேண்டாமா? பார்த்துவிட்டேன். ஜாதகம் பேஷாகப் பொருந்துகிறது என்று அவர்களிடம் சொல்லுங்கள். சீக்கிரம் போங்கள் மாமா. தாராபுரம் பஸ் எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது, நீங்கள் தாமதித்தால் நானே ஏறிப் போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.