எதிர் நடைபாதையிலிருந்து எடுத்த படம்

ஓய்வு பெறுவதற்குள் ஒரு சட்டமாவது தன் கையால் எழுதிவிடுவது என்று நகரசபைக் கட்டடப் பிரிவின் மேலாளர் தீர்மானம் செய்தார். சட்டம் எழுத அவருக்கு அதிகாரம் இல்லை என்று மேலிடத்தில் எடுத்துச் சொன்னார்கள். சுற்றறிக்கை எழுத அதிகாரம் இருந்தது. சரி, இருப்பதை விடுவானேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். சுவர் உதிர்ந்து, ஜன்னல் தொங்கி, தெருவில் போகிறவர் தலையில் விழக் காத்திருக்கும் வீடுகளுக்கு நோட்டீஸ் அனுப்புவது அவருடைய பிரிவின் வேலை. நோட்டீஸுக்குப் படம் வேண்டும். படம் எடுக்கப் போன ஊழியர்களை வீட்டுக்காரர்கள் சும்மா விடவில்லை. "யாரைக் கேட்டு என் வீட்டைப் படம் எடுக்கறே?" என்று ஒருவர் கேமராவைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். இன்னொருவர் நாயை அவிழ்த்துவிட்டார். நாய் கடிக்கவில்லை. ஆனாலும் ஊழியர் இரண்டு வாரம் மருத்துவ விடுப்பில் போய்விட்டார்.

மூன்று மாதம் எழுதினார். கையெழுத்தாகி வந்த அன்று மாலை ஒரு பிரதியைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கையெழுத்துப் போட்டவர்களே அதை முழுசாகப் படிக்கவில்லை. முழுசாகக் கேட்கப்போகிற முதல் ஆள் அவர் மனைவிதான்.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். காலையிலிருந்து மாலை வரை வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்பது அவள் தொழில். அந்தத் தொழிலில் அவளுக்கு ஒரு சங்கடம் இருந்தது. வருகிறவர்களுக்கு முதலில் கண் தெரியாது. கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்ட பிறகுதான் தெரு தெரியும், தெருவோடு சேர்ந்து அவள் வீடும் தெரியும். "நேத்துதாம்மா உங்க வீட்டைச் சரியாப் பார்த்தேன். அந்தச் சுவர்ல மரம் முளைச்ச வீடுதானே?" என்று மறுநாள் வந்து விசாரிப்பார்கள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். வீட்டைச் சரி பண்ணச் சொல்லி மூன்று வருஷமாகக் கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக அவர், "பார்க்கலாம்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு மேஜையில் சுற்றறிக்கையைப் பிரித்தார்.

"கேளு. 'பொது இடத்தில் நின்றுகொண்டு எந்தக் கட்டடத்தின் வெளிப்புறத்தையும் எவர் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம். உரிமையாளரின் அனுமதி தேவையில்லை.' எப்படி?"

"எந்தக் கட்டடம்னா, எது வேணும்னாலுமா?"

"மந்திரி வீடா இருந்தாலும் சரி."

"எவர் வேணும்னாலும்னா?"

"மனுஷனாப் பொறந்த யாரும்."

"பொது இடம்னு எதைச் சொல்றீங்க?"

"ரோடு, நடைபாதை, பஸ் நிறுத்தம். அடுத்தவன் வாசப்படியில ஏறி நின்னு எடுத்தா செல்லாது. கால் தரையில இருக்கணும். தரை நகரசபையோடதா இருக்கணும்."

"படத்தை வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"புகார் வந்த அன்னிக்கே நோட்டீஸ். பதினஞ்சு நாள்ல சரி பண்ணணும். நேர்ல போய்ப் பார்க்கிற வேலையே இல்லை."

"யார் படம் எடுத்தான்னு வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டா?"

"தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு? புகார் குடுக்கறவர் தன் பேரை ஒட்டின உறையில போட்டுத் தரணும். அதை நானே பிரிக்கக் கூடாது."

"நீங்களேவா?"

"நானே எழுதின விதியை நானே மீறுவேனா?"

மனைவி தட்டை நகர்த்திவிட்டு முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டாள். இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் பேச்சை அவள் இவ்வளவு நேரம் கேட்டது கிடையாது. மேலாளருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"சரிங்க, அந்த ஆள் ஏனோதானோன்னு பூசிட்டு முடிச்சிட்டேன்னு சொல்லிட்டா?"

"அங்கதான் நான் வெச்சிருக்கேன் பாரு! புகார் குடுத்தவரே அதே இடத்துல நின்னு ரெண்டாவது படம் எடுத்து, 'எனக்குத் திருப்தி'ன்னு எழுதித் தரணும். அப்பத்தான் கோப்பை மூடுவோம். அதுவரைக்கும் அவன் தலைகீழா நின்னாலும் தப்பிக்க முடியாது."

"இப்பத் தெளிவா இருக்கு," என்றாள் மனைவி. கொஞ்ச நேரம் கழித்து, "அப்படியே நம்ம முன்சுவரையும்..." என்று ஆரம்பித்தாள்.

"பார்க்கலாம்," என்றார் மேலாளர்.

சுற்றறிக்கை பிய்த்துக்கொண்டு போனது. ஊரில் இத்தனை பேருக்கு அடுத்தவர் சுவர்மேல் இத்தனை அக்கறை இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. ஒரே மாதத்தில் இருநூறு நோட்டீஸ். அண்டை நகரங்களின் அதிகாரிகள் வந்து மேலாளரின் வாயால் விளக்கம் கேட்பது என்றும், அன்று நிலுவையில் உள்ள கோப்புகளின் பட்டியலைச் சபையில் வாசிப்பது என்றும் ஏற்பாடாயிற்று. மேலாளர் அதற்காகப் புதுக் கால்சட்டை ஒன்று தைக்கக் கொடுத்தார். வீட்டுக்கு எதிரில் கடை வைத்திருக்கும் தையற்காரர் அதை இடுப்பில் இரண்டு அங்குலம் குறைத்துத் தைத்திருந்தார். துணி சுருங்கிவிட்டது என்று இவரும், ஆள் பெருத்துவிட்டார் என்று அவரும் நாலு பேர் முன்னிலையில் வாதாடினார்கள்.

விழாவுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது தட்டச்சு செய்யும் அம்மாள் இருநூற்றுப் பதினேழாவது புகாரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"முகவரியை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு சார்."

மேலாளரும் பார்த்திருந்தார். அது அவர் வீடு.

படம் துல்லியமாக இருந்தது. கூடவே தட்டச்சில் ஒரு குறிப்பு: முன்சுவரில் பூச்சு உதிர்கிறது. கைப்பிடிச் சுவரில் செடி முளைத்து மரமாகிக்கொண்டிருக்கிறது. இடது ஜன்னல் கதவு ஒற்றைக் கீலில் தொங்குகிறது. மாடி முகப்பில் நீண்ட காலமாகப் பயன்பாட்டில் இல்லாத பொருள் ஒன்று சாய்ந்து கிடக்கிறது.

அந்த நாலாவது பொருளை அவர் மூன்று முறை உற்றுப் பார்த்தார். சாய்வு நாற்காலியில், பனியனோடு, வயிற்றின்மேல் செய்தித்தாளை விரித்துப் போட்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. அவர்தான்.

"இது கொஞ்ச நாள் இருக்கட்டுமே," என்றார் மெதுவாக.

"வந்த அன்னிக்கே அனுப்பணும்னு இருக்கு சார். நீங்க எழுதினதுதான்." அம்மாள் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார்.

மேலாளர் தனக்குத்தானே ஒரு நோட்டீஸ் கொடுத்து, அதன் அடியில் 'தவறினால் கடும் நடவடிக்கை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். ஒட்டிய உறையை மட்டும் ஒரு தரம் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அம்மாள் இருமினார். உறை அலமாரிக்குள் போய்விட்டது.

வீட்டில் மனைவி நோட்டீஸைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, முழுசாகப் படித்தாள்.

"யாரா இருக்கும்னு நினைக்கிறீங்க?"

"வேற யாரு? எதிர்க்கடைத் தையற்காரன்தான். கால்சட்டைக்குப் பழி வாங்கறான்."

"யாரோ, நம்ம வீட்டுமேல அக்கறை உள்ளவங்கதான்."

"அக்கறையாம் அக்கறை! என்னைப் பழைய பொருள்னு எழுதியிருக்கான். அப்புறப்படுத்தச் சொல்லாம விட்டானே, அதுவே பெரிசு."

"அது மட்டும் இருக்கட்டும்ங்க," என்றாள் மனைவி. "பழகிப்போச்சு."

இரவெல்லாம் யோசித்து மேலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். எதிர்ச்சாரியில் நடைபாதை முடிந்ததும் தையற்கடையின் வாசற்படி. நடைபாதை நகரசபையுடையது, படி தையற்காரருடையது. படியில் ஏறி நின்று எடுத்த படம் என்று நிரூபித்துவிட்டால் புகார் செல்லாது. ஞாயிற்றுக்கிழமை காலை படத்தின் நகல், அளவு நாடா, சாக்குக்கட்டி, மனைவி ஆகியவற்றோடு சாலையைக் கடந்தார்.

தையற்காரர் வெளியே வந்தார். நிலைப்படியில் குனிந்துதான் வரவேண்டும். அவ்வளவு உயரம்.

"என்ன சார், ரோட்டை அளக்கறீங்க? கடையை இடிக்கப் போறீங்களா?"

"உண்மையை அளக்கிறேன்," என்றார் மேலாளர்.

படத்தில் விளக்குக் கம்பம் மாடிக் கைப்பிடியின் மூன்றாவது கம்பியை மறைத்திருந்தது. எந்த இடத்தில் நின்றால் அப்படி மறைக்கிறதோ அதுதான் குற்றம் நடந்த இடம். மனைவியின் கையில் அவளுடைய கைபேசியைக் கொடுத்துப் படிமேல் ஏற்றினார். கம்பம் ஐந்தாவது கம்பிக்குப் போயிற்று. கீழே இறக்கினார். ஆறாவது கம்பி. இந்தப் பக்கம் நகர்த்தினார், ஒன்றுமே மறையவில்லை.

"நானே ஒரு இடம் பார்த்து நிக்கட்டுமாங்க?" என்று மனைவி தானாகவே இரண்டடி தள்ளிப் போய், கைபேசியை மோவாய்க்கு நேராகப் பிடித்தாள். "இப்பப் பாருங்க."

பார்த்தார். கம்பம், மூன்றாவது கம்பி, தொங்கும் ஜன்னல், அத்தனையும் அச்சடித்த மாதிரி பொருந்தின.

"நகராதே! அப்படியே நில்லு! எப்படி ஒரே தடவையில கண்டுபிடிச்சே?"

"கண்ணாடிக் கடையில இருபது வருஷம்ங்க."

மேலாளர் அவள் கால்களைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். போட்ட பிறகுதான் அது எந்த இடம் என்று பார்த்தார். வாசற்படிக்கு அரை அடி இந்தப் பக்கம். சந்தேகமில்லாமல் நகரசபை நடைபாதை. போன வருஷம் அவர் பிரிவுதான் கல் பதித்தது.

நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார், தையற்காரரைப் பார்த்தார். மனத்துக்குள் கணக்குப் போட்டார். "நீங்க இல்லை. நீங்க எடுத்தா கம்பம் இவ்வளவு உசரமாத் தெரியாது. எடுத்தவன் குள்ளம். சரியா இவ உயரம்தான் இருக்கணும்."

தையற்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி கைபேசியைத் துடைத்தாள்.

"கெட்டிக்காரர் சார் நீங்க," என்றார் தையற்காரர்.

"தொழில்," என்றார் மேலாளர் அடக்கமாக. "கால்சட்டை விஷயத்தை மனசுல வெச்சுக்காதீங்க."

இனிப் பூசுவதைத் தவிர வேறு வழியில்லை. பெயிண்டரைத் தேடிப் போனார். முதல் பெயிண்டர் கும்பிட்டார். "உங்க புண்ணியத்துல அடுத்த வருஷம் வரைக்கும் வேலை இருக்கு சார்." இரண்டாமவர் தன் குடும்பத்தையே கூப்பிட்டு அவரைக் காட்டினார். ஊரிலிருந்த பெயிண்டர்கள் அத்தனை பேரும் அவர் அனுப்பிய இருநூறு நோட்டீஸ்களுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். இருநூற்றுப் பதினேழாவது வீட்டுக்கு ஆள் இல்லை. ஏணி ஒன்றுதான் வாடகைக்குக் கிடைத்தது.

மேலாளர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினார். சுரண்டினார். பட்டி வைத்தார். மரத்தை வேரோடு பிடுங்கினார், அதோடு கைப்பிடிச் சுவரில் கால்வாசியும் வந்தது, அதையும் பூசினார். ஜன்னலுக்கு இரண்டாவது கீல் போட்டார். தலையில் சுண்ணாம்பு, முதுகில் வலி. நிறத்தை மனைவி தேர்ந்தெடுத்தாள். மூன்று வருஷத்துக்கு முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருந்தாளாம்.

இவ்வளவு கஷ்டத்திலும் அவரைத் தாங்கியது ஒரே ஒரு நம்பிக்கை. அந்தக் குள்ளன் ரெண்டாவது படம் எடுக்க வந்தே ஆகவேண்டும். அதே இடத்தில் நின்றே ஆகவேண்டும். ஏணிமேல் இருந்தபடி நொடிக்கொரு தரம் சாக்குக்கட்டிக் கோட்டைத் திரும்பிப் பார்த்தார். குள்ளமாக எவன் அந்தப் பக்கம் போனாலும் பிரஷ் நின்றுவிடும். தபால்காரரை இரண்டு முறை முறைத்தார்.

பதினாலாம் நாள் சாயங்காலம் கடைசி மூலையைப் பூசிக்கொண்டிருந்தபோது எதிர்ச்சாரியிலிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் வலது பக்கம் சாயுங்க. ஜன்னல் மறைக்குது."

மேலாளர் சாய்ந்தார். அந்தக் குரல் சொன்னால் சாய்ந்து பழகிய உடம்பு. சாய்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

சாக்குக்கட்டிக் கோட்டுக்குள் மனைவி நின்றிருந்தாள். கைபேசி மோவாய்க்கு நேராக இருந்தது. பக்கத்தில் தையற்காரர் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஏணியிலிருந்து இறங்க அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. பிரஷும் கையுமாகச் சாலையைக் கடந்தார்.

"நீயா?"

"பொது இடம்ங்க. கால் தரையில இருக்கு," என்றாள் மனைவி.

மேலாளர் விதிகளை ஒன்றாம் எண்ணிலிருந்து மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். ஒரு பொத்தல் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. எல்லா விதிகளும் அவள் பக்கம் நின்றன. மூன்று மாதம் உட்கார்ந்து எழுதியவர் அப்படி எழுதியிருந்தார். கோபப்படலாமா என்று யோசித்தார். எதிரே வீடு தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் இருந்த மாதிரி இருந்தது. கோபம் வராமல் போய்விட்டது.

"வீட்டுலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"மூணு வருஷம் வீட்டுலதாங்க சொன்னேன். ஆபீஸ்ல சொன்னேன், பதினஞ்சே நாள்ல ஆயிடுச்சு."

தையற்காரர் கடைக்குள் போய் ஏதோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

"சரி, ஆனது ஆச்சு," என்று மேலாளர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "நாளைக்குக் கெடு முடியுது. நாளன்னிக்கு அத்தனை அதிகாரிங்க முன்னாடி பட்டியல் வாசிப்பாங்க. 'எனக்குத் திருப்தி'ன்னு ஒரு வரி எழுதிக் குடு, கோப்பை மூடிடலாம்."

மனைவி பேனாவை வாங்கவில்லை. கடையில் செய்வது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு வீட்டைப் பார்த்தாள். பிறகு மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"ரெண்டாவது கோட்டிங்கும் அடிங்க," என்றாள். "பார்க்கலாம்."